கட்டை போட்டாச்சா? – ட்ரெயிலர் வண்டியை நிறுத்தி வைப்பதன் சிறு வரலாறு

போன கோடையில் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். சங்ககிரிப் பக்கம். பதினாறு வயதில் லாரி கிளீனராக ஏறி, பிறகு டிரைவராகி, முப்பது வருஷம் ஓட்டியவர். அவருக்கு மிச்சிகன் ஏரிகளைக் காட்டலாம் என்று ஒரு ட்ரெயிலரை வாடகைக்கு எடுத்து, வேனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். தமிழில் கேரவன் என்றால் கோடம்பாக்கத்தில் நடிகர்கள் உட்கார்ந்திருக்கும் ஏசி வண்டி ஞாபகம் வரும். நான் சொல்வது அது இல்லை. எஞ்சின் இல்லாத, இழுத்துக்கொண்டு போகிற, படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் உள்ள குட்டி வீடு.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். இடம் பார்க்க மட்டமாகத்தான் இருந்தது. முன்னால் இருக்கும் ஜாக்கியைச் சுற்றி, ட்ரெயிலரின் மூக்கை வேனின் கொக்கியிலிருந்து மேலே தூக்கினேன். குண்டு கழன்ற அந்த நொடி, மொத்த வண்டியும் பின்னால் நகர ஆரம்பித்தது. சத்தமே இல்லை. ஜாக்கியின் இரும்புப் பாதம் மண்ணைக் கிழித்துக்கொண்டு போவது மட்டும் தெரிந்தது. பின்னால் என் ஆறு வயது மகள் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, தள்ளு!" என்று கத்திக்கொண்டே அப்பா ஓடினார். விறகுக்கு வாங்கி வைத்திருந்த உருளைக்கட்டை ஒன்றை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் காலால் தள்ளினார். மூன்றடி போன வண்டி கட்டையில் ஏறப் பார்த்து, பிறகு நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏங்கண்ணு, கட்ட போடாமயா கழட்டுன?"

அன்று ராத்திரி வண்டியை மறுபடி தொடவே பயமாக இருந்தது. கொஞ்சம் சாய்ந்தபடியே விட்டுவிட்டுப் படுத்தோம். குளியலறைக் கதவு தானாகத் திறந்துகொண்டே இருந்தது. மறுநாள் மதியம் பார்த்தால் குளிர்பெட்டி குளிரவே இல்லை. உள்ளே அப்பாவின் இன்சுலின். பக்கத்து இடத்துப் பெரியவர் வந்து பார்த்தார். பெட்டியைத் தொடவே இல்லை. வண்டியின் பக்கவாட்டை ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "முதலில் இதை மட்டம் பண்ணுங்கள்" என்றார்.

குளிர்பெட்டிக்கும் வண்டி மட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? கையில் பிரேக் இல்லாத ஒரு வண்டியை ஏன் செய்து விற்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்கப் படித்தேன். அதில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

குதிரை இருந்தவரை

பொழுதுபோக்குக்காக வீட்டு வண்டியில் ஊர் சுற்றியவர்களில் முதலாவதாகச் சொல்லப்படுபவர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ். பிரிட்டிஷ் கடற்படையில் டாக்டராக இருந்து, பிறகு சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதியவர். 1885இல் பிரிஸ்டலில் இருந்த ஒரு ரயில்பெட்டி, வண்டிப் பட்டறையில் தனக்கென்று ஒரு வண்டி கட்டச் சொன்னார். பெயர் 'வாண்டரர்'. நீளம் சுமார் 18 அடி, எடை கிட்டத்தட்ட 2 டன், இழுக்க இரண்டு குதிரைகள். இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். அவருடைய வேலைக்காரர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், குறுகலான பாதையில் எதிரே வருகிறவர்களை எச்சரிப்பாராம்.

ஆனால் வீட்டு வண்டி அவர் கண்டுபிடித்தது இல்லை. ஐரோப்பாவின் ரோமா மக்களும் சர்க்கஸ்காரர்களும் அதற்கு முன்பே அப்படிப்பட்ட வண்டிகளில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பாரமான குதிரை வண்டிகளில் அந்தக் காலத்தில் இரண்டு சாமான்கள் தொங்கும். ஒன்று இரும்புச் செருப்பு. இறக்கத்தில் பின்சக்கரத்துக்கு அடியில் போட்டால், சக்கரம் சுற்றாமல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு வரும். இன்னொன்று சின்ன மர உருளை. ஏற்றத்தில் பின்சக்கரத்துக்குப் பின்னாலேயே சங்கிலியில் உருண்டு வரும். குதிரை களைத்து நின்றால், வண்டி அரையடி பின்வாங்கி அந்த உருளையில் முட்டி நின்றுவிடும். அதாவது, யாரும் ஓடிவந்து கட்டை போடத் தேவையில்லை. கட்டை வண்டியோடேயே வருகிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வாண்டரர் நான்கு சக்கர வண்டி. குதிரையை அவிழ்த்துவிட்டாலும் அது தன் காலில் நிற்கும். நம் மாட்டு வண்டி அப்படி இல்லை. மாட்டை அவிழ்த்தால் முன்பக்கம் தரையில் சாயும், இல்லையென்றால் ஏர்க்காலுக்கு அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுப்பார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கார் வந்தபோது வீட்டு வண்டி மறுபடி மாட்டு வண்டியாக மாறியது.

டின் டப்பாக்காரர்கள்

1919இல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரத்துப் பூங்கா ஒன்றில் காரில் ஊர் சுற்றுகிறவர்கள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். பெயர் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'. டப்பா உணவைச் சாப்பிட்டு, டப்பா மாதிரியான ஃபோர்டு கார்களில் வந்தவர்கள் அவர்கள். காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்திருந்தால், நம்ம ஆள் என்று அர்த்தம். அதே 1919இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் எக்கில்ஸ் நிறுவனம் காருக்குப் பின்னால் இழுக்கும் கேரவன்களை விற்பனைக்குச் செய்ய ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்து டெட்ராய்ட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியல் நிபுணர், ஐந்து நிமிஷத்தில் விரியும் என்று சொல்லி விற்ற ஒரு கூடார ட்ரெயிலரை வாங்கி, குடும்பத்தோடு போனார். மழை வந்தது. ஐந்து நிமிஷத்தில் அது விரியவில்லை, எல்லாரும் நனைந்தார்கள். கடுப்பாகித் திரும்பி வந்தவர், கெட்டியான சுவரும் கூரையும் உள்ள ஒரு பெட்டியைச் செய்யவைத்தார். பழைய குடியேறிகளின் மூடுவண்டி மாதிரி இருக்கிறதே என்று பிள்ளைகள் கேலியாக வைத்த 'கவர்டு வேகன்' என்ற பெயரே கம்பெனிப் பெயராகிவிட்டது. 1930 டெட்ராய்ட் கார் கண்காட்சியில் காட்சிக்கு வைத்தார். பொருளாதார மந்தம் நாட்டையே உலுக்கிய அந்தப் பத்து வருஷத்தில், அமெரிக்காவின் மிகப் பெரிய ட்ரெயிலர் கம்பெனிகளில் ஒன்றாக அது வளர்ந்தது.

இந்த வண்டிகளின் அமைப்பைப் பாருங்கள். நடுவில், கொஞ்சம் பின்தள்ளி ஓர் அச்சு. முன்னால் ஏர்க்கால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டம். பாரத்தில் ஒரு பங்கைக் கார் தாங்குகிறது. கழற்றிவிட்டால் அது ஏற்றப் பலகை. உள்ளே ஒருவர் பின்பக்கம் நடந்து போனால் மூக்கு தூக்கும். எனவே முன்னால் ஒரு ஜாக்கி, நான்கு மூலையிலும் நான்கு சின்னக் கால்கள். ஒரே இடத்தில் மாசக்கணக்கில் இருப்பதானால் அச்சுக்கு அடியில் கல்லோ மரமோ அடுக்கி டயருக்கு ஓய்வு கொடுத்தார்கள். இரண்டாம் உலகப்போரில், பி-24 குண்டுவீச்சு விமானங்கள் செய்த மிச்சிகனின் வில்லோ ரன் ஆலையைச் சுற்றித் தொழிலாளர் குடும்பங்கள் ட்ரெயிலர்களில்தான் குடியிருந்தன. பிற்பாடு நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடு ஒரு வழியிலும், ஊர் சுற்றும் வண்டி வேறு வழியிலும் பிரிந்து போயின.

மரவேருக்காக ஒரு திட்டம்

எங்களுக்குக் கொடுத்த இடம் எப்படி இருந்தது தெரியுமா? ஒருவழிப் பாதை ஒன்று வளையமாகச் சுற்றி வருகிறது. அதிலிருந்து சாய்வாகக் கிளை பிரியும் ஒரு குட்டிச் சந்து. அதன் இரு பக்கமும் பெரிய கற்கள். அமெரிக்காவில் எந்த அரசு கேம்ப்கிரவுண்டுக்குப் போனாலும் இதே அமைப்புதான். இதைக் கொடுத்தவர் ஒரு தாவர நோய் நிபுணர். பெயர் மைனெக்கே.

1920களில் கலிஃபோர்னியாவின் மாபெரும் மரங்களுக்கு அடியில் கார்கள் இஷ்டப்படி நின்றன. மண் இறுகி, வேர்கள் நசுங்குவதை மைனெக்கே கவனித்தார். மனுஷர்களைத் தடுக்க முடியாது, கார்களைத் தடுக்கலாம் என்பது அவருடைய யோசனை. 1932இல் அமெரிக்க வனத்துறைக்காகக் கேம்ப்கிரவுண்டுகள் எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு கொள்கை எழுதினார். ஒருவழி வளையம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிச் சந்து, கார் தாண்ட முடியாத கல்லோ மரமோ எல்லையில். அடுத்த வருஷமே ரூஸ்வெல்ட் அரசு வேலையில்லாத இளைஞர்களுக்காகத் தொடங்கிய வனப்படை, இந்தத் திட்டத்தை வைத்து நாடு முழுக்க முகாம்களைக் கட்டித் தள்ளியது.

வண்டி எங்கே நிற்கவேண்டும் என்பதை அந்தக் கற்கள் தீர்மானித்தன. எவ்வளவு மட்டமாக நிற்கவேண்டும் என்பதை யாரும் தீர்மானிக்கவில்லை. அவர் மனசில் இருந்தது காரும் கூடாரமும். காட்டின் இயற்கைச் சரிவை வெட்டிச் சமமாக்கினால் வேர் போகும், அதனால் சரிவு அப்படியே இருந்தது. பிறகு ட்ரெயிலர்கள் வந்தன, வருஷத்துக்கு வருஷம் நீண்டன. 1962இல் மோன்டானாவின் பில்லிங்ஸ் நகரில், சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகிறவர்களை நம்பித் தொடங்கிய கே.ஓ.ஏ. போன்ற தனியார் இடங்களில் சமதளம் பார்த்துக் கொடுத்தார்கள். அரசு முகாம்களின் பழைய சந்துகளில் இன்றைக்கும் பலகை வைத்துத்தான் சமாளிக்கவேண்டும்.

குளிர்பெட்டி கேட்ட மட்டம்

1930களின் ட்ரெயிலர்களில் இருந்தது ஐஸ்கட்டி வைக்கும் பெட்டி. வண்டி கொஞ்சம் சாய்ந்தால் உருகிய தண்ணீர் வேறு பக்கம் வடியும், அவ்வளவுதான். சமமட்டம் என்பது தூக்கத்துக்கும் தோசைக்கும் மட்டுமே தேவைப்பட்டது. அதைக் கட்டாயமாக்கியது இரண்டு ஸ்வீடன் மாணவர்கள்.

பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ். ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும்போதே, 1922இல், மோட்டாரே இல்லாத குளிர்பெட்டி ஒன்றை உருவாக்கினார்கள். 1925இல் எலக்ட்ரோலக்ஸ் அந்த உரிமையை வாங்கியது. அடியில் ஒரு சின்னச் சுடர் எரியும், மேலே ஐஸ் உறையும். முதல் தடவை கேட்கும்போது யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

உள்ளே மூடிய குழாய்களில் மூன்று பொருள்கள்: தண்ணீர், அம்மோனியா, ஹைட்ரஜன். சுடர் பட்டதும் அம்மோனியா கலந்த தண்ணீர் கொதித்து, அம்மோனியா ஆவியாக மேலே போகிறது. மேலே போய்க் குளிர்ந்து திரவமாகிறது. அந்தத் திரவம் ஹைட்ரஜன் இருக்கும் குழாயில் வழிந்து மறுபடி ஆவியாகும்போது பெட்டியின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு கீழே தண்ணீரில் கரைந்து சுடரடிக்குத் திரும்புகிறது. மோட்டாரும் கிடையாது, பம்பும் கிடையாது. எல்லாத் திரவமும் பூமியின் ஈர்ப்பால் மட்டுமே வழிந்து வரவேண்டும்.

இங்கேதான் மட்டம் உள்ளே வருகிறது. பெட்டி சாய்ந்தால் குழாய்களின் வளைவுகளில் திரவம் தேங்கிவிடும். சுடருக்கு மேலே இருக்கும் பாத்திரத்துக்குத் திரும்பி வராது. பாத்திரம் வறண்டு சூடேறும். குழாய் துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்திருக்கும் சோடியம் குரோமேட் உப்பு கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஒருமுறை அடைத்தால் பெட்டி போச்சு. பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரை தாங்கும் என்பது இந்தப் பெட்டிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் கணக்கு. ஓடும் வண்டியில் எவ்வளவு சாய்ந்தாலும் பிரச்சினை இல்லை, ஆட்டத்தில் திரவம் எங்கேயும் தேங்காது. நின்ற வண்டிக்குத்தான் ஆபத்து.

இதே காலத்தில் பெர்லினில் இன்னொரு ஜோடியும் அசையும் பாகமில்லாத குளிர்பெட்டிக்கு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது: ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும். குளிர்பெட்டியிலிருந்து கசிந்த நச்சு வாயுவால் ஒரு குடும்பமே இறந்துபோன செய்தியைப் பத்திரிகையில் படித்ததுதான் தூண்டுதல் என்பார்கள். 1930இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. கடைக்கு வந்ததோ ஸ்வீடன் மாணவர்களின் பெட்டிதான்.

கரண்ட் வேண்டாம், சத்தம் கிடையாது, ஒரு கேஸ் சிலிண்டர் போதும் என்பதால் காட்டில் நிற்கும் ட்ரெயிலருக்கு அது பொருத்தமாக அமைந்தது. போருக்குப் பிறகு பரவலாக ஏறியது. அதோடு ஒரு ரசமட்டமும் ஏறியது. நம் கொத்தனார்கள் ரசமட்டம் என்கிறார்கள், ஆனால் குமிழி மிதப்பது பாதரசத்தில் இல்லை, சாராய வகைத் திரவத்தில். அதைக் கண்டுபிடித்தவர் மெல்கிசெதெக் தேவெனோ என்ற பிரெஞ்சுக்காரர், 1660களின் தொடக்கத்தில். சுவர் கட்டப் பயன்பட்ட கருவி முந்நூறு வருஷம் கழித்து ட்ரெயிலரின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

கணக்கும் சுலபம்தான். இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 6 அடி என்று வைத்தால், 1 டிகிரிச் சாய்வை நேராக்க ஒன்றேகால் அங்குலம் தூக்கவேண்டும். அமெரிக்கக் கடையில் 'இரண்டு அங்குலம்' என்று விற்கும் பலகையின் உண்மையான கனம் ஒன்றரை அங்குலம். ஒரு பலகைக்கு ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல் என்று மனசில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் வண்டிக்கு மூன்று பலகை தேவைப்பட்டது. பெட்டியை அணைத்துவிட்டு, மட்டம் பார்த்து, மறுபடி பற்றவைத்தோம். அதுவரை இன்சுலின் ஐஸ்பெட்டியில் இருந்தது. மறுநாள் காலை பெட்டி சில்லென்று இருந்தது.

கையில் ஏன் பிரேக் இல்லை?

ஐரோப்பியக் கேரவன்களில் கைப்பிரேக் உண்டு. அங்கே ட்ரெயிலரின் பிரேக் தள்ளுவிசையில் வேலை செய்வது: முன்னால் கார் வேகம் குறைத்தால், பின்னால் வரும் பாரம் கொக்கியை நெருக்கி, கம்பி வழியாகப் பிரேக்கைப் பிடிக்கும். அதே கம்பியில் ஒரு கைப்பிடியை மாட்டினால் நிறுத்தும் பிரேக் தயார். அமெரிக்க ட்ரெயிலரில் இருப்பது மின்சாரப் பிரேக். காரிலிருந்து மின்சாரம் வந்தால் உள்ளே ஒரு காந்தம் பிடிக்கும். வயரைக் கழற்றினால் பிடிப்பு இல்லை. ஓடும்போது கொக்கி அறுந்தால் பேட்டரியிலிருந்து பிரேக் போட ஓர் அவசரச் சாவி இருக்கிறது, ஆனால் அது ராத்திரி முழுக்க நிறுத்தி வைப்பதற்கு இல்லை.

அப்படியானால் காரிலிருந்து கழற்றிய அமெரிக்க ட்ரெயிலரைப் பிடித்து வைத்திருப்பது எது? வெறும் கட்டைதான். வேறு எதுவும் கிடையாது. 2,700 கிலோ வண்டி, நூறடிக்கு மூன்றடி சரிவு என்று வையுங்கள், கண்ணுக்கு அது மட்டமாகத்தான் தெரியும். கீழே இழுக்கும் விசை 81 கிலோ. கெட்டியான தரையில் டயரின் உராய்வு அதில் பாதியைத் தாங்கலாம், மீதி வண்டியை நகர்த்தும். ஐந்தடி சரிவானால் 135 கிலோ. கையால் பிடித்து நிறுத்தலாம் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

இதிலிருந்துதான் வரிசை வருகிறது. முதலில் பக்கவாட்டு மட்டம், கார் மாட்டியிருக்கும்போதே. தாழ்ந்த பக்கச் சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றவேண்டும். இரட்டை அச்சு என்றால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரங்களும் ஏறவேண்டும். அடுத்து கட்டை, இரு பக்கமும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும். அதற்குப் பிறகுதான் கொக்கியைக் கழற்றுவது. பிறகு முன்பின் மட்டம், மூக்கு ஜாக்கியை ஏற்றியோ இறக்கியோ. கடைசியில் மூலைக்கால்கள், அவை ஆட்டத்தை நிறுத்தத்தான், பாரத்தைத் தூக்க இல்லை. கிளம்பும்போது இதே வரிசை தலைகீழாக: கொக்கி மாட்டி, இழுத்துப் பார்த்த பிறகுதான் கட்டையை எடுக்கலாம். நான் இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதுக்குப் போய்விட்டேன்.

இப்போது பேட்டரியில் ஓடும், கம்ப்ரசர் வைத்த குளிர்பெட்டிகள் பெருகிவிட்டன. அவற்றுக்கு இவ்வளவு கறாரான மட்டம் வேண்டாம். போனிலேயே சாய்வு தெரிகிறது, பொத்தானை அழுத்தினால் தானாக மட்டம் ஆகும் வண்டிகளும் உண்டு. சுடர் எரியும் பெட்டி போனால், மட்டம் பழையபடி தோசைக் கவலையாகிவிடும். கட்டைக்கு அப்படி ஓய்வு வரும் என்று தோன்றவில்லை.

முட்டுக்கட்டை

ஒருநாள் சாயங்காலம் இதையெல்லாம் அப்பாவிடம் போனில் சொன்னேன். குளிர்பெட்டிக் கதையை ரசித்துக் கேட்டார். கட்டைக் கதைக்கு மட்டும், "இதுக்கா நீ புஸ்தகம் படிச்ச?" என்றார். மலைப்பாதையில் லோடு வண்டி நின்றால், கிளீனர் பையன் முழுசாக நிற்கும் முன்பே குதித்து, பின்சக்கரத்துக்குக் கட்டை போடவேண்டும். ஹேர்பின் வளைவில் ஓடும் வண்டியோடு கூட ஓடுவார்களாம், கையில் கட்டையோடு. "டிரைவரு பேரு சொல்லுவாங்க, பையன் பேரு யாருக்குத் தெரியும். ஆனா வண்டி நிக்கிறது அவன் கையிலதான் கண்ணு."

எங்கள் ஊர்த் தேரிலும் அப்படித்தான். வடம் பிடிக்க ஊரே வரும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற நாலைந்து பேர் பக்கம் யார் கண்ணும் போகாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை அது. தேரை நிறுத்துவதும், சறுக்குக்கட்டை வைத்துத் தெருமுனையில் திருப்புவதும் அவர்கள்தான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்களின் வேலை போய்விடவில்லை. ஆனால் செய்தித்தாளில் முட்டுக்கட்டை என்றால், நல்ல காரியத்தைக் கெடுப்பது என்று அர்த்தம் ஆகிவிட்டது. நகர்வது எல்லாம் நல்லது, நிறுத்துவது எல்லாம் கெட்டது என்று எப்போது முடிவு செய்தோமோ.

அப்பா ஊருக்குத் திரும்பும் முன், எங்கள் கார் ஷெட்டில் கிடந்த பழைய வேலிக்கம்பத்தை அறுத்து நாலு கட்டை செய்து வைத்துவிட்டுப் போனார். ஒரு பக்கம் சரிவாகச் சீவி, பின்பக்கம் ஓட்டை போட்டுக் கயிறு கட்டியிருக்கிறார். கையை உள்ளே விடாமல் இழுத்து எடுப்பதற்காம். கடையில் ரப்பரில் இதைவிட நல்லது கிடைக்கும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். இருக்கலாம். இந்தக் கோடையிலும் கிளம்புகிறோம். சாமான் பட்டியலில் முதல் வரியை என் மகள் எழுதியிருக்கிறாள்: அப்புச்சி கட்டை, 4.